சிமென்ட் சுவரிலும் பேவர் கல்லிலும் பூக்கும் வெள்ளை உப்பு: குறைக்கும் வழி, முதலிலிருந்து கடைசி வரை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை மாத வெயில் காயத் தொடங்கியதும் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி கிளம்பும். விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும். உடனே ஒரு வீட்டில் ஆசிட் பாட்டில் வாங்குவார்கள், இன்னொரு வீட்டில் பெயின்டரைக் கூப்பிடுவார்கள். அடுத்த மழைக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் அதே இடத்தில் அதே வெள்ளை நிற்கும். வாங்கிய பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையை வரிசை மாற்றிச் செய்ததுதான் தவறு.

உப்பு பூக்க மூன்று சேர வேண்டும்: உள்ளே கரையக்கூடிய உப்பு, அதைக் கரைத்து இழுத்துவரும் தண்ணீர், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக ஒரு திறந்த முகம். சிமென்டிலும் மணலிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பை முழுக்க எடுக்க முடியாது. முகத்தை அடைத்தால் உப்பு வேறு பக்கம் வெடிக்கும். நம் கைக்கு வருவது தண்ணீர் மட்டும்தான். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

1. எந்த உப்பு என்று முதலில் பாருங்கள்

சிமென்டில் பூக்கும் வெள்ளை இரண்டு வகை. ஒன்று சுண்ணாம்பு வகை. சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது தண்ணீரில் கொஞ்சம் கரைந்து மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. படிந்தபின் வெறும் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. புதிய பேவர் பிளாக், ஹாலோ பிளாக், புதுப் பூச்சு ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் இதுதான். மொட்டை மாடி ஒழுகி, கீழே கூரையின் விரிசல் ஓரமாக வெள்ளைக் கோடும் சிறு கூம்புகளும் தொங்கினால் அதுவும் இதே வகை.

இன்னொன்று சல்பேட், குளோரைடு, நைட்ரேட் வகை. நிலத்து ஓதம் (நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம்), போர் தண்ணீர், சரியில்லாத செங்கல், கடல் மணல் ஆகியவற்றிலிருந்து வருவது. பஞ்சு போலவோ ஊசி ஊசியாகவோ நிற்கும், தண்ணீர் பட்டால் மறையும், காய்ந்ததும் திரும்பி வரும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியை மட்டும் ஒரு ஸ்பூனில் சேகரியுங்கள். பாதியில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு வகை. மறு பாதியில் வெறும் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். நுரைக்காமல் தெளிவாகக் கரைந்துவிட்டால் மற்ற வகை. பல சுவர்களில் இரண்டும் கலந்தே இருக்கும், அப்போது பாதி கரையும், மீதி நுரைக்கும்.

இங்கே பலரும் செய்யும் பிழை, வினிகரை நேராகச் சுவரில் ஊற்றிப் பார்ப்பது. சிமென்ட் பூச்சின் மேல்தோலே வினிகர் பட்டால் நுரைக்கும். எந்தச் சுவரில் ஊற்றினாலும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். அதனால்தான் பொடியைத் தனியே எடுக்கச் சொல்வது.

பூஞ்சையையும் உப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். பூஞ்சையில் தண்ணீர் தெளித்தால் கரையாது, கூழாக ஒட்டும், புழுங்கிய வாடையும் இருக்கும்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் மீதி எல்லாம் வீண் செலவு. வெள்ளை எந்த உயரத்தில், எந்த வடிவத்தில் நிற்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

தரையிலிருந்து மூன்றடி வரை, கிட்டத்தட்ட நேர்கோடாக நீண்டால் நிலத்து ஓதம். ஒரே இடத்தில் வட்டமாக இருந்தால் குழாய்க் கசிவு, அல்லது சுவருக்கு மறுபக்கம் குளியலறை. மேலிருந்து கீழே நாக்கு நாக்காக வழிந்தால் கைப்பிடிச் சுவரின் தலையிலோ சன்ஷேடு சேரும் இடத்திலோ மழை இறங்குகிறது. தரையில் பேவர் கற்கள் எல்லாவற்றிலும் சீராகப் படர்ந்திருந்தால் கல் செய்தபோது வந்தது. இணைப்புகளின் ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அடியில் தண்ணீர் தேங்குகிறது.

சந்தேகம் தீராவிட்டால் பிளாஸ்டிக் தாள் சோதனை செய்யுங்கள். தடிமனான, தெளிவான பாலித்தீன் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நான்கு ஓரத்திலும் அகலமான டேப் போட்டுக் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் துளி நின்றால் அது அறையின் ஈரக்காற்று. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே வைத்தியம்.

குழாய்க் கசிவைப் பார்க்க, இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

கண்ணில் படாமல் தப்பும் சில இடங்களும் உண்டு. ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டியே சொட்டும். சுவரோரம் வரிசையாகப் பூந்தொட்டி இருக்கும். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்புறச் சுவர் தினமும் நனையும். சம்ப்பின் ஒரு பக்கம் வீட்டு அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் விட அதிகமாகக் காணப்படுவது, தோட்டத்து மண்ணையோ தெரு உயர்ந்ததால் கொட்டிய மண்ணையோ சுவரின் ஓதத்தடுப்புப் பட்டைக்கு மேல்வரை ஏற்றி வைத்திருப்பது. அடித்தள மட்டத்தில் போட்டிருக்கும் அந்தப் பட்டையைத் தாண்டி மண் நின்றால், பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

3. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

கெட்டியான நைலான் பிரஷ், முறம் அல்லது தூசித்தட்டு, மூன்று பிளாஸ்டிக் பக்கெட், ஸ்பாஞ்ச், தோட்டத்துக் கைத்தெளிப்பான், பி.எச். தாள் (தண்ணீரில் அமிலம் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டுவது), ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, முகமூடி. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதால் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பை வைப்பதுதான்.

கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் துளைகளுக்குள் தங்கித் துருப்பிடித்து, சில வாரங்களில் வெள்ளை இருந்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும். அவற்றை எடுப்பது உப்பை எடுப்பதைவிடக் கடினம்.

காலமும் முக்கியம். தமிழ்நாட்டில் மாசி முதல் வைகாசி வரை, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடு வரை, இந்த வேலைக்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சுவர் காயவே காயாது. மழையில் தொடங்கினால் 4-ஆம் படி மட்டும் செய்து வைத்துவிட்டு, மீதியை வெயிலுக்கு விட்டுவிடுங்கள்.

4. தண்ணீரின் வழியை அடையுங்கள்

சுவரோர மண்ணை ஓதத்தடுப்புப் பட்டைக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இறக்குங்கள். மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும் உயரம் அதற்குள் அடங்க வேண்டும் என்பது காரணம். பிறகு வீட்டைச் சுற்றி 60 முதல் 75 செ.மீ. அகலத்துக்குக் கான்கிரீட் ஏப்ரன் போடுங்கள். சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும். ஒரு மீட்டருக்கு 2 முதல் 3 செ.மீ. சரிவு போதும். சுவரும் ஏப்ரனும் சேரும் கோட்டில் சிமென்ட் பூசாமல் வளையக்கூடிய சீலன்ட் போடுங்கள். சிமென்ட் போட்டால் அந்த இணைப்பு முதல் கோடையிலேயே விட்டுப்போகும்.

கைப்பிடிச் சுவரின் தலையை உள்பக்கம் சரித்து, வெளிப்பக்கம் நீட்டி, நீட்டத்தின் அடியில் ஒரு நீர் சொட்டுக் கோடு கீறச் சொல்லுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே சுவருக்கு வந்து சேரும். விரல் அகலத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டுச் சுவர் முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கிற வீடுகள் ஏராளம்.

பழைய வீட்டில் ஓதத்தடுப்புப் பட்டையே இல்லையென்றால், தரைக்கு மேலே உள்ள கலவை வரிசையில் 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் போட்டு, சிலேன் கிரீம் செலுத்தும் முறை இருக்கிறது. கிரீம் சுவருக்குள் பரவித் தண்ணீர் மேலேறும் நுண்துளைகளைத் தண்ணீர் ஒட்டாத துளைகளாக்கிவிடும். இதைப் பழகியவர்களைக் கொண்டுதான் செய்ய வேண்டும். துளையின் ஆழம் குறைந்தால் சுவரின் பின்பாதி பழையபடியே ஓதம் இழுக்கும்.

ஓதம் ஏறும் சுவரில் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அதைச் செய்யாதீர்கள். ஆவியாகும் முகம் அடைபட்டதும் தண்ணீர் இன்னும் மேலேறும். அடுத்த ஆண்டு நாலரை அடியில், டைல்ஸின் மேல் ஓரத்தில், வெள்ளை நிற்கும். உள்ளே வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்துப் பூசுவதும் தனியாகச் செய்தால் இதே கதைதான்.

5. காய்ந்த பிரஷ் முதலில்

வழியை அடைத்து, சுவரை இரண்டு மூன்று வாரம் வெயிலிலும் காற்றிலும் விடுங்கள். அந்த நாட்களில் வெள்ளை இன்னும் அதிகமாக வரும். அதைப் பார்த்துப் பயந்து நடுவில் வேலையை மாற்றுகிறவர்கள் பலர். உள்ளே மிச்சமிருந்த ஈரம் வெளியேறும்போது உப்பையும் கொண்டுவருகிறது, வரட்டும், வெளியே வந்தது வெளியே வந்ததுதான்.

நன்றாகக் காய்ந்த நாளில், மதியத்துக்கு மேல், நைலான் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தேயுங்கள். கீழே முறத்தையோ செய்தித்தாளையோ வைத்துப் பொடியைப் பிடியுங்கள். தரையில் விழவிட்டால் அடுத்த முறை தரை கழுவும்போது அது கரைந்து சுவரின் அடியிலேயே திரும்பி ஊறும். பிடித்த பொடியைக் குப்பையில் போடுங்கள், செடிக்கு அடியில் வேண்டாம்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முறத்தில் சேரும் அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் தண்ணீர் இன்னும் எங்கிருந்தோ வருகிறது, 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

முதல் வேலையாகக் குழாயைப் பிடித்துக் கழுவக்கூடாது என்பதற்குக் காரணம் எளிது. சல்பேட்டும் குளோரைடும் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீரோடு சேர்ந்து சுவருக்குள் போகும். கழுவிய அன்று சுவர் சுத்தமாகத் தெரியும். பத்து நாளில் அதே உப்பு, சற்று அகலமான வட்டமாக வரும்.

6. தண்ணீர் எவ்வளவு, எப்படி

காய்ந்த பிரஷ்ஷில் போகாமல் மெல்லிய மங்கல் நின்றால் மட்டும் தண்ணீர். ஸ்பாஞ்ச்சை நனைத்து, பிழிந்து, துடைத்து, வேறொரு பக்கெட்டில் அலசுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒருமுறை அலசும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். அதே தண்ணீரில் வீடு முழுக்கத் துடைத்தால் ஒரு மூலையின் உப்பை எல்லாச் சுவருக்கும் பூசியதாகும்.

பேவர் தரைக்கு மட்டும் ஊற்றிக் கழுவலாம், தண்ணீர் வடிகாலுக்கு ஓடிப்போகிற சரிவு இருந்தால். பிரஷர் வாஷரின் முனையைக் கல்லில் ஒட்டிப் பிடித்தால் கல்லின் மேல்தோல் பெயர்ந்து துளைகள் திறக்கும், இணைப்பு மணலும் வெளியேறும். இரண்டும் அடுத்த உப்புக்கு வழி.

உப்பு ஆழமாக ஊறிய சிறிய இடங்களுக்குக் கூழ்க்கட்டு நன்றாக வேலை செய்யும். அச்சு இல்லாத டிஷ்யூ பேப்பரை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். பேட்டரிக்கு விற்பது போதும். அதை ஒரு செ.மீ. தடிமனுக்குச் சுவரில் அப்பி, முழுக்கக் காயவிடுங்கள். கூழிலிருந்த தண்ணீர் உப்பைக் கரைக்கும். காயும்போது ஆவியாகும் முகம் சுவரை விட்டுக் கூழுக்கு மாறிவிடுவதால் உப்பு கூழில் வந்து படியும். காய்ந்து சுருண்ட கூழை உரித்துப் பார்த்தால் அதன் வெளிமுகத்தில் உப்பு மினுமினுக்கும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். செய்தித்தாள் கூழ் மையை இறக்கிக் கறைப்படுத்தும்.

7. ஆசிட்: சுண்ணாம்பு வகைக்கு மட்டும், கடைசியாக

வினிகர் சோதனையில் நுரைக்காத உப்புக்கு ஆசிட் எந்தப் பயனும் தராது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினால் புதிதாகக் குளோரைடு சேர்ந்து நிலைமை மோசமாகும். நுரைக்கிற வகைக்கும்கூட, பேவர் தரை என்றால் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. மழைநீரில் இயல்பாகவே சிறிது கார்பானிக் அமிலம் உண்டு. அதுவும் நடமாட்டமும் சேர்ந்து அந்த மங்கலைப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் போக்கிவிடும்.

செய்தே ஆக வேண்டுமென்றால் மென்மையானதில் தொடங்குங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு. அது போதவில்லை என்றால் சல்பாமிக் ஆசிட் தூள், லிட்டருக்கு 50 கிராம். கடைசியாகத்தான் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்: ஒரு பங்கு ஆசிட்டுக்கு 10 பங்கு தண்ணீர், கலர் கல்லுக்கு 20 பங்கு. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

வரிசை இப்படி. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர அடியில் செய்து, காய்ந்தபின் நிறம் மாறியிருக்கிறதா என்று அடுத்த நாள் பாருங்கள். பிறகு ஒரு முறைக்கு ஒரு சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தண்ணீரால் அந்த இடத்தை நனையுங்கள். துளைகள் தண்ணீரால் நிறைந்திருந்தால் ஆசிட் மேலேயே நிற்கும். காய்ந்த கல்லில் ஊற்றினால் உள்ளே இறங்கிச் சிமென்டைத் தின்னும். ஆசிட் கரைசலைப் பிரஷ்ஷால் தடவி, இரண்டு மூன்று நிமிடம், நுரை அடங்கும் வரை. காயவிடவே கூடாது. உடனே நிறையத் தண்ணீரால் அலசுங்கள். வழியும் தண்ணீரில் பி.எச். தாளை நனைத்து, பக்கெட்டிலுள்ள தண்ணீரின் நிறமே வரும் வரை அலச வேண்டும்.

அலசல் குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்போடு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு உண்டாகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் உப்பு. கழுவிய இடம் மட்டும் காலை நேரத்தில் எண்ணெய் பட்டது போல் கறுத்து ஈரமாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) கூரையின் அடி, தூண், பீம் ஆகியவற்றில் ஆசிட் வேண்டவே வேண்டாம். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அங்கே தொங்கும் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே மாடியின் ஒழுகலைச் சரிசெய்யுங்கள். கடப்பா, மார்பிள், மொசைக் ஆகியவற்றின் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. அவை சுண்ணாம்புக் கல் குடும்பம், பளபளப்பு ஒரே நொடியில் போகும். இரும்பு கேட்டையும் செடிகளையும் மூடிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

8. பூச்சு பொருமியிருந்தால்

விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போன்ற சத்தம் வந்தாலோ, பூச்சு மணலாக உதிர்ந்தாலோ, அதைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. உப்பு பூச்சுக்குள்ளேயே படிகமாகி, படிகம் வளரும்போது துளைகளை உடைத்துவிட்டது.

வெள்ளை தெரியும் உயரத்துக்கு மேலே 30 முதல் 50 செ.மீ. வரை கோடு போட்டு, செங்கல் தெரியும் வரை கொத்தி எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோட்டோடு நிறுத்துவதுதான் பெரும்பாலான கொத்தனார்கள் செய்வது. உப்பு அதைத் தாண்டி மேலே போயிருக்கும், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பிலேயே அடுத்த முறை உடையும். கல் இணைப்புகளைச் சுமார் 10 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். கொத்திய குப்பையை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

செங்கல்லைச் சில வாரம் திறந்தே வையுங்கள், வாரம் இருமுறை காய்ந்த பிரஷ். பிறகு 1:5 அல்லது 1:6 கலவையில் (ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல்) பூசுங்கள். ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று 1:3 போட்டால் பூச்சு சுருங்கி மயிரிழை விரிசல் விடும், ஈரமும் வெளியேற முடியாமல் உள்ளே தங்கும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சுண்ணாம்புக் கலவையிலேயே பூசுங்கள். அது மூச்சுவிடும், உப்பைத் தானே ஏற்றுக்கொண்டு சுவரைக் காக்கும். சில ஆண்டுகளில் அந்தப் பூச்சை மாற்ற வேண்டி வரலாம், சுவர் பிழைத்திருக்கும்.

9. மேல்பூச்சு எப்போது, எது

பிளாஸ்டிக் தாள் சோதனையைத் திரும்பச் செய்து, உள்பக்கம் துளியே இல்லை என்றால்தான் மேல்பூச்சு. புதுப் பூச்சு என்றால் நீராற்றல் (க்யூரிங்) முடிந்து குறைந்தது 28 நாள், மழைக்காலத்தில் அதற்கும் மேல். கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறது என்று பத்தாம் நாளில் வால் புட்டி வைத்த சுவர்கள்தான் ஓராண்டுக்குள் கொப்புளிக்கின்றன.

பேவர், ஹாலோ பிளாக், பூசாத கான்கிரீட் முகம் ஆகியவற்றுக்குச் சிலேன்-சிலாக்சேன் வகை ஏற்றது. உள்ளே ஊறி, துளையின் சுவர்களில் மட்டும் ஒட்டி, மழையை உள்ளே விடாமல் நீராவியை வெளியே விடும். நிறமும் பளபளப்பும் மாறாது. வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுத்த வாரம் தண்ணீர் தெளியுங்கள், முத்து முத்தாக நின்று உருள வேண்டும். நிலத்து ஓதம் இன்னும் ஏறும் சுவரில் இதையும் அடிக்காதீர்கள். ஆவியாகும் இடம் முகத்திலிருந்து சில மி.மீ. உள்ளே தள்ளிப்போய், அங்கே படியும் உப்பு முகத்தையே தகடாகப் பெயர்த்துவிடும்.

படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர், ‘வெட் லுக்’ என்று பளபளக்கும் வகைகள், ஈரமுள்ள கல்லில் பால் போல வெளுத்துவிடும். அதை உரிக்காமல் அடியிலுள்ள உப்பைத் தொட முடியாது. உள்சுவருக்கு, ஓதம் முழுக்க நின்றதா என்று உறுதி வரும்வரை வெறும் சுண்ணாம்பு அடித்து ஒரு மழைக்காலம் கடத்துவது நல்ல வழி. உப்பு திரும்பினால் உடனே தெரியும், செலவும் குறைவு.

10. புது வேலையில் வராமல் தடுக்க

தண்ணீர். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு சல்பேட் 400 மி.கி., குளோரைடு ஆர்.சி.சி.க்கு 500 மி.கி., கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 மி.கி. தாண்டக்கூடாது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது வீட்டுச் செலவில் ஒன்றுமே இல்லை.

கலவைக்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்றலுக்குப் போர் தண்ணீரை விடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 10 சதுர மீட்டர் சுவருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் உறிஞ்சப்பட்டால் ஏழு நாளில் 140 லிட்டர். லிட்டருக்கு 2000 மி.கி. உப்பு என்றால் 280 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போகும், அந்தக் கால் கிலோவுக்கு மேற்பட்ட உப்பு சுவரிலேயே நிற்கும். கலவைத் தண்ணீரைவிட நீராற்றும் தண்ணீர்தான் அதிகம் உப்பேற்றுகிறது.

மணல். ஒரு பங்கு மணலுக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிப் பாட்டிலில் குலுக்கி, தெளிந்ததும் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். குலுக்குமுன் இருந்த அளவைவிட நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். பேவருக்கு அடியில் போடும் படுகை மணலையும் பார்க்க வேண்டும், அதை யாரும் பார்ப்பதில்லை.

செங்கல். பூச்சில் பூக்கும் உப்பு பல நேரம் பின்னாலுள்ள செங்கல்லிலிருந்து வருகிறது. ஒரு தட்டில் 25 மி.மீ. ஆழத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, காற்றோட்டமான அறையில் தண்ணீர் முழுக்க வற்றும் வரை விடுங்கள். மீண்டும் ஒருமுறை ஊற்றி வற்ற விடுங்கள். ஐ.எஸ். 3495-இல் உள்ள சோதனையின் வழி இதுதான். முகத்தில் பத்து சதவீதம் வரை மெல்லிய வெள்ளை என்றால் குறைவு, பாதி வரை நடுத்தரம். பாதியைத் தாண்டினால் அந்தச் சூளைக் கல் வேண்டாம்.

சிமென்ட். பி.பி.சி. (போசோலானா) சிமென்டிலுள்ள நிலக்கரிச் சாம்பலும் பி.எஸ்.சி. (ஸ்லாக்) சிமென்டிலுள்ள இரும்பாலைக் கசடும் வெளியேறக் காத்திருக்கும் சுண்ணாம்பைப் பிடித்துக் கெட்டியான பொருளாக மாற்றுகின்றன. ஆனால் அந்த வேலை மெதுவாக நடக்கும். சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்கு ஏழு நாள் நீராற்றினால் இவற்றுக்குக் குறைந்தது பத்து நாள். ஏழாம் நாளே நிறுத்தினால் பலன் பாதிதான்.

கலவை. 50 கிலோ மூட்டைக்குக் கான்கிரீட்டில் 22 முதல் 25 லிட்டர் தண்ணீர், மணலின் ஈரத்தையும் சேர்த்து. டியூபைப் பிடித்து ஊற்றவிடாமல் அளந்த பக்கெட்டால் ஊற்றச் சொல்லுங்கள். கூடுதல் தண்ணீர் காய்ந்தபின் விட்டுப்போகும் துளைகள்தான் உப்பின் பாதை. பூச்சு இழுக்கும்போது காய்ந்த சிமென்டைத் தூவி நீவுவதையும் நிறுத்துங்கள். வழவழப்பு வரும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த தோல் மேலேயே உட்காரும், வெள்ளை முதலில் அங்கேதான் தெரியும்.

நீராற்றல். ஈர சாக்கு போட்டு விடாமல் ஈரமாக வையுங்கள். காலையில் நனைத்து மதியம் காயவிட்டு மாலையில் நனைப்பது மிகவும் கெடுதல். ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு சுற்றுச் சுண்ணாம்பை மேலே இழுக்கும்.

பேவர் அடுக்கு. புதுக் கற்களை ஒன்றோடொன்று ஒட்ட அடுக்கி, பாலித்தீனால் இறுக்கிச் சுற்றிவைத்தால், இரவில் உள்ளே நீர்த்துளி படிந்து, கற்கள் தொடும் இடங்களில் வெள்ளை வட்டங்கள் வரும். கலர் கல்லில் அவை பளிச்சென்று தெரியும். வரிசைகளுக்கு நடுவே மெல்லிய கட்டை வைத்து, மேலே மட்டும் மழை மறைப்பு போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். லாரியில் வந்து இறங்கும்போதே இரண்டு கற்களைப் பிரித்து, உள்முகத்தைப் பாருங்கள். அங்கே வட்டம் இருந்தால் பதிக்கும் முன்பே பேசிக்கொள்ளலாம், பதித்தபின் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.